தரையில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு போட்டோ பிரேம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், பெற்றோருக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்ற பக்கத்தில், டிஜிட்டல் போட்டோ பிரேம்களுக்கு ஓர் அட்டவணை போட்டிருந்தீர்கள். எத்தனை அங்குலம், எவ்வளவு மெமரி, என்ன விலை, எத்தனை நட்சத்திரம். அட்டவணையில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இதே அங்குலத்தையும் மெமரியையும் நட்சத்திரத்தையும் பார்த்துத்தான் இரண்டு வருடத்துக்கு முன் நானும் ஒன்று வாங்கினேன். 6,800 ரூபாய். அது இப்போது என் வீட்டு அலமாரியில் பழைய சார்ஜர்களோடு கிடக்கிறது. அப்புறம் வாங்கிய 3,600 ரூபாய் பிரேம்தான் கோவில்பட்டி வீட்டில் ஓடுகிறது. பாதி விலைப் பொருள் எப்படி ஜெயித்தது என்பதை எழுதினால், இந்தத் தீபாவளிக்கு வாங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டியில் இருக்கிறார்கள். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். நான் கோவையில், தங்கை மதுரையில், தம்பி ஷார்ஜாவில். அவர்களுடைய ஐம்பதாவது கல்யாண நாளுக்கு மூன்று பேரும் பணம் போட்டு, பத்து அங்குல வைஃபை பிரேம் வாங்கினோம். போனில் ஒரு செயலியைப் போட்டுக்கொண்டால் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் படம் அனுப்பலாம். தம்பி அங்கிருந்து பிள்ளைகள் படத்தை அனுப்ப, பத்து விநாடியில் கோவில்பட்டி ஹாலில் வந்து விழுந்தது. வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கை தட்டினார்கள். மூன்று நாள் அமர்க்களமாக ஓடியது.

நாலாம் நாள் நான் கோவைக்குக் கிளம்பினேன். பிரேம் என் போனின் ஹாட்ஸ்பாட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பது பஸ் மதுரை தாண்டும்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது. இணையம் என்று இருப்பது அம்மாவின் போனில் போடும் ரீசார்ஜ்தான். சரி, அம்மா போனிலேயே ஹாட்ஸ்பாட் போடச் சொன்னோம். அந்தப் போனை எடுத்துக்கொண்டு அப்பா கடைக்குப் போனால் பிரேம் அநாதை. பக்கத்து வீட்டுப் பையன் பாவம் பார்த்து அவர்கள் வைஃபை பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்தான். ஒரு மாதம் ஓடியது. அப்புறம் அவர்கள் புது ரூட்டர் மாற்றினார்கள். அதில் ஒன்று 2.4, ஒன்று 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை. எங்கள் பிரேமுக்குத் தெரிந்தது 2.4 மட்டும். அதைப் பார்த்து யாராவது புதிதாக இணைத்துவிட வேண்டும். பையனோ சென்னைக்குப் படிக்கப் போய்விட்டான். யாரிடம் போய்ச் சொல்வது?

இணையம் இல்லாவிட்டாலும் ஏற்கெனவே வந்த படங்களாவது ஓடியிருக்க வேண்டும். அந்தப் பிரேம் படங்களைத் தன் மெமரியிலேயே வைத்துக்கொள்ளும் ரகம்தான். இதற்கு வேறு ரகமும் உண்டு. படம் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும், இணைப்பு போனால் படமும் போகும். எங்கள் பிரேமைக் கவிழ்த்தது இணையம் இல்லை, கரண்ட். மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்தி மாலையில் கொடுப்பார்கள் அல்லவா? கரண்ட் திரும்பி வந்ததும் பிரேம் தானாகப் படம் காட்டவில்லை. ஆங்கிலத்தில் ஆறு கட்டங்கள் போட்ட முகப்பில் வந்து நின்றுகொண்டது. அதில் ஒன்றைத் தொட வேண்டும். அம்மா தொடுவாரா? எதையாவது தொட்டு 'எல்லாம் அழிஞ்சு போச்சுன்னா?' என்ற பயம். அப்பாவுக்கு வேறு கவலை. பொங்கலுக்கு நான் போனபோது பிரேம் மேல் ஒரு பூத்துண்டு போர்த்தியிருந்தது, பிளக்கில் ஸ்விட்ச் அணைத்திருந்தது. "ஆளில்லா நேரத்துல எதுக்குட்டி கரண்ட் வீணா?" என்றார்.

அவரிடம் கணக்கில்தான் பேச வேண்டும். அடாப்டரைத் திருப்பிக் காட்டினேன். 5 வோல்ட், 2 ஆம்பியர். அதிகபட்சம் 10 வாட். காலை ஏழிலிருந்து இரவு ஒன்பது வரை 14 மணி நேரம் ஓடினாலும் ஒரு நாளைக்கு 140 வாட்-மணி. அறுபது நாள் பில்லுக்கு எட்டரை யூனிட்கூட வராது. அப்பா பேசாமல் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு தடவை பெருக்கிப் பார்த்தார். ஈ.பி. கார்டை எடுத்து வந்து போன தடவை எத்தனை யூனிட் என்று பார்த்தார். "நூறு யூனிட் இனாமுல இது எட்டைத் தின்னுரும்" என்றார். இதற்கு மேல் என்ன சொல்ல?

ஆனாலும் ஸ்விட்சைப் போட்டார். அப்போதுதான் உண்மையான கோளாறு எனக்குத் தெரிந்தது.

எங்கள் வீட்டில் ஹாலில் உபரியாக இருக்கும் ஒரே பிளக் பாயின்ட் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில். அடாப்டர் ஒயர் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. ஆகவே பிரேம் ஃபிரிட்ஜ் மேல்தான் உட்காரும். அம்மா பகல் முழுக்க இருப்பது அதற்கு எதிரே, அடுப்படி நிலைப்படிக்குப் பக்கத்தில் தரையில். கீரை ஆய்வது, பூ கட்டுவது, பேப்பர் படிப்பது எல்லாம் அங்கேதான். நானும் அங்கே போய் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தேன். என் மகளின் முகம் கறுத்து, தலைமுடி வெளுத்து, பழைய நெகட்டிவ் மாதிரி இருந்தது. எழுந்து நின்றால் சரியாகத் தெரிகிறது, உட்கார்ந்தால் நெகட்டிவ். விலை குறைந்த டி.என். ரகத் திரைகளுக்கு இந்த வியாதி உண்டு. நேராகப் பார்த்தால் நன்றாக இருக்கும், கீழிருந்து பார்த்தால் நிறம் தலைகீழாகும். ஐ.பி.எஸ். என்று போட்ட திரையில் இது வராது. கடையில் நாம் நின்றுகொண்டு, கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்து வாங்குகிறோம். வீட்டில் நம்மைப் பெற்றவர்கள் தரையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். இத்தனை மாதமாக அம்மா இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டதற்கு, "பிள்ளைக மூணு பேரும் காசு போட்டு வாங்கினது, அதுல போயி குத்தம் சொல்லிக்கிட்டு" என்றார்.

ஆகவே இரண்டாவது பிரேம் வாங்கப் போனபோது நான் தயாராகப் போனேன். காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடை. பிரேமை மேல் தட்டில் வைக்கச் சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். போதவில்லை என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைப் பையன், "அக்கா, மயக்கமா, தண்ணி வேணுமா?" என்றான். அப்புறம் படம் ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிஷம் கழித்து மாட்டச் சொன்னேன். நாலு மாடலில் இரண்டு, தானாகவே மறுபடியும் படம் காட்ட ஆரம்பித்தன. மற்ற இரண்டும் முகப்பில் நின்றன. பெட்டி மேல் இந்த விவரம் எங்கேயும் போட்டிருக்கவில்லை. பிடுங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் அட்டவணையில் ஏழு அங்குலம்தான் சிக்கனத் தேர்வு என்று இருந்தது. ஏழு அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. திரை டிவி மாதிரி 16:9 நீளவாக்கில் இருக்கும், போனில் எடுக்கும் படமோ பெரும்பாலும் 4:3. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டது போக, படம் ஏறக்குறைய நாலரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம்தான் வரும். அந்தக் காலத்தில் ஸ்டூடியோவில் போட்டுத் தந்த ஆறுக்கு நாலு பிரின்ட்டைவிடச் சின்னது. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படமென்றால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கறுப்புப் பட்டை வேண்டாம் என்று திரை முழுக்க நிரப்பும்படி வைத்தால் தலையை வெட்டிவிடுகிறது. தங்கை கணவருக்கு ஒரு மாதம் தலையே இல்லாமல் இருந்தது. கொஞ்சம் தேடினால் 4:3 வடிவத்திலேயே எட்டு அங்குலம் கிடைக்கிறது. அதில் அதே படம் ஏறக்குறைய ஆறரைக்கு ஐந்து அங்குலமாகத் திரையை நிறைத்து வரும். நான் வாங்கியது அதுதான். வைஃபை இல்லை. பின்னால் பென் டிரைவும் மெமரி கார்டும் செருகும் இடம், ஒரு ரிமோட், அவ்வளவுதான்.

தம்பிக்கு இது பிடிக்கவில்லை. "இந்தக் காலத்துல பென் டிரைவா அக்கா?" என்றான். அதற்கு முன் அவனே இரண்டு யோசனை சொல்லியிருந்தான். ஒன்று, பழைய டேப்லெட்டைச் சார்ஜில் போட்டபடியே பிரேமாக வைத்துக்கொள்வது. கோவையில் எங்கள் வீட்டில் செய்து பார்த்தேன். ராத்திரி பகலாகச் சார்ஜில் கிடந்து, நாலு மாதத்தில் பேட்டரி உப்பி, பின்மூடி எழும்பிவிட்டது. இன்னொன்று, டிவியிலேயே பென் டிரைவைச் செருகிப் படம் பார்ப்பது. செலவே இல்லை. ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல் அந்த டிவி யாருக்குச் சொந்தம் என்பது உங்களுக்கே தெரியும்.

பென் டிரைவ் என்றாலும் சும்மா விடவில்லை. முதலில் 64 ஜிபி கார்டு ஒன்றைச் செருகினேன், கார்டே இல்லை என்றது. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற அமைப்பில் வருகின்றன. இந்த மலிவு பிரேம்கள் பலவற்றுக்குப் பழைய ஃபேட்32 தான் படிக்கத் தெரியும். 16 ஜிபி பென் டிரைவ் போட்டதும் படித்தது. அடுத்து, தம்பி அனுப்பியதில் பாதிப் படம் வரவில்லை. ஐபோன் 2017லிருந்து எச்.இ.ஐ.சி. என்ற வடிவில் படத்தைச் சேமிக்கிறது, பிரேம் கேட்பது ஜேபெக். அடுத்து, சில படங்கள் படுத்துக்கொண்டு வந்தன. போனைத் திருப்பிப் பிடித்து எடுத்தால், படத்தைத் திருப்பிக் காட்டு என்று கோப்புக்குள் ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். போன் அதைப் படிக்கும், இந்தப் பிரேம் படிக்காது. அப்பா இரண்டு நாள் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்திருக்கிறார். கடைசியில் வழி ரொம்பச் சுலபமாகக் கிடைத்தது. அந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பி, வந்ததைச் சேமித்தால் ஜேபெக்காகவும் நிமிர்ந்தும் வந்துவிடுகின்றன. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் சுருக்கினாலும் 1024க்கு 768 புள்ளித் திரைக்கு அது தாராளம்.

இவ்வளவும் கருவியின் கதை. அதற்குள் என்ன படம் போடுவது என்பது தனிக் கதை. முதல் பிரேமில் தங்கை தன் போனில் இருந்த 1,400 படத்தையும் அப்படியே தள்ளியிருந்தாள். ஹோட்டல் தோசை, ஸ்கூல் பீஸ் ரசீது, காலை வணக்கம் ரோஜாப்பூ, எல்லாம். "ஏட்டி, யாரு யாரையோ காட்டுது" என்று அம்மா ஒதுங்கிவிட்டார். உங்களுக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் மூவருமே கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டேன். அவர் கேட்ட படம் ஒன்றுகூட எங்கள் போன்களில் இல்லை. எல்லாம் பீரோவில், சேலைக்கு அடியில், ஆல்பத்தில் இருந்தது.

பசைத்தாள் ஆல்பம். படங்கள் ஒட்டிப் போயிருந்தன. பிய்த்து எடுக்க வேண்டாம் என்று தாளோடு வைத்தே போனில் எடுத்தேன். ஜன்னல் ஓரம், காலை வெயில் நேராக விழாத நேரம், பிளாஷ் அணைத்து. மேலே இருக்கும் பிளாஸ்டிக் தாள் பளபளத்தால் கூகுளின் போட்டோஸ்கேன் செயலி கைகொடுத்தது. நாலு புள்ளிக்கு நாலு தடவை போனை நகர்த்தினால், நாலையும் சேர்த்துப் பளபளப்பை நீக்கித் தரும், காசு கிடையாது. இரண்டு காலைப் பொழுதில் 212 படம் எடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குப் பெயர் தெரியாத பெரியம்மா ஒருத்தர் மூன்று படங்களில் இருந்தார்.

அப்பா ஒரு ஆட்சேபம் எழுப்பினார். இறந்துபோனவர்கள் படத்தையும் இருக்கிறவர்கள் படத்தையும் கலந்து ஓட்டக் கூடாது, அது நல்லதில்லை என்றார். ஆச்சி, தாத்தா, சித்தப்பா படங்கள் மாலை போட்டுச் சுவரில்தானே இருக்கின்றன என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மா தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஆல்பத்துல ஒண்ணாத்தான இருக்காக" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

ஒரு படம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதும் பெரியவர்களைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும். பெட்டியிலிருந்து வரும்போது ஐந்து விநாடி. அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் போய்விடும். இப்போது ஒரு நிமிஷம் வைத்திருக்கிறோம்.

வைஃபை பிரேமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வீட்டில் பிராட்பேண்ட் இருந்து, பிள்ளைகள் வெளிநாட்டிலும் இருந்தால் அதைப் போல வசதி வேறில்லை. ஆனால் பெயர் தெரியாத மலிவு ரகத்தில் எனக்குப் பயம் வந்துவிட்டது. 2024 டிசம்பரில் ஜெர்மனி அரசின் தகவல் பாதுகாப்பு அமைப்பு, வாங்கும்போதே தீங்கு நிரலோடு வந்த சுமார் 30,000 கருவிகளுக்கும் அவற்றை ஏவும் சர்வர்களுக்கும் இருந்த தொடர்பைத் துண்டித்தது. அதில் டிஜிட்டல் போட்டோ பிரேம்களும் உண்டு. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. வெளியிட்ட எச்சரிக்கைப் பட்டியலிலும் போட்டோ பிரேம் இருந்தது. பழைய ஆண்ட்ராய்டைப் போட்டு விற்கும் பெட்டி, வீட்டு இணையத்தில் உட்கார்ந்து என்ன செய்கிறது என்று கோவில்பட்டியில் யார் பார்ப்பது? கூகுள் போட்டோஸ் ஆல்பத்திலிருந்து தானாகப் படம் எடுத்துக்கொள்ளும் என்று சொல்லி விற்ற பிரேம்களும், 2025 மார்ச் மாதத்தோடு கூகுள் அந்த வழியை அடைத்த பின் பழையபடி ஓடவில்லை. மாதக் கட்டணம் உண்டா, இணையம் போனாலும் படம் நிற்குமா என்ற இரண்டையும் கேட்காமல் வைஃபை பிரேம் வாங்காதீர்கள்.

இனி புதுப் படம் எப்படிப் போகும் என்று தம்பி கேட்டான். அதற்கு ஒரு பக்கம் சாதாரண முனையும் மறுபக்கம் டைப்-சி முனையும் உள்ள பென் டிரைவ் இருக்கிறது. அதை அம்மா போனில் செருகி, குடும்ப குரூப்பில் வந்த படத்தை நகல் எடுத்து, பிரேமில் மாட்ட வேண்டியதுதான். அம்மா மாட்டேன் என்றுவிட்டார். அப்பா இரண்டு தடவை என் கையைப் பார்த்தார், மூன்றாம் தடவை ஒரு நோட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று தமிழில் எழுதிக்கொண்டார். இப்போது ஞாயிறுதோறும் அவர்தான் மாற்றுகிறார். ஸ்விட்சை அணைப்பதும் இல்லை. தானே போட்ட படம் என்றால் கரண்ட் வீணாகாது போலிருக்கிறது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி அட்டவணை போடும்போது நட்சத்திரத்தை எடுத்துவிட்டு மூன்று கட்டம் சேருங்கள்: கரண்ட் போய் வந்தால் தானாக ஓடுமா, ஒயர் எத்தனை அடி, தரையில் உட்கார்ந்தால் முகம் தெரியுமா. உங்கள் நிருபர் கடையில் ஒரு நிமிஷம் கீழே உட்கார்ந்து எழுந்தால் போதும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மாவிடமிருந்து போன். பெரிய மாமா படம் நாலு இருந்ததாம், இந்த வாரம் ஒன்றையும் காணோமாம். அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒரு வயல் விஷயத்தில் நாற்பது வருடமாகப் பேச்சு கிடையாது. பென் டிரைவில் இடம் பத்தவில்லை என்று அப்பா சொல்கிறாராம். 16 ஜிபியில் 340 படம்தான் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை நான் போக வேண்டும்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
சிங்காநல்லூர், கோவை.